சூசையப்பர் தெருவின் பாஸ்வேர்டு

தங்கச்சிமடத்தில் சூசையப்பர் தெரு எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டிவிடுவார்கள். ஜெப்சி எங்கே என்று கேட்டால் மட்டும், "இந்நேரம் எந்தக் கம்பத்துல நிக்கிறாளோ" என்பார்கள். பாம்பன் முதல் ராமேஸ்வரம் வரை வசந்தகுமாரின் இணைய சர்வீஸ் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் அவள் கை பட்டவை. முப்பத்தெட்டு வயது. ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு கட்டு வயர், இரண்டு பழைய பெட்டிகள், ஒரு டப்பா எலுமிச்சை சோறு. ஏணி மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும். பஸ்காரர்கள் அதற்குப் பயந்து ஒதுங்குவார்கள்.

அவளுடைய அய்யா வேதமுத்து முப்பது வருடம் அடுத்தவர் விசைப்படகில் டிரைவராக இருந்தவர்; சொந்தமாக இருந்தது ஒரு சின்ன வள்ளம் மட்டும். மகளை ராமநாதபுரத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கவைத்தார். படித்து முடித்தவளுக்கு வசந்தகுமார் கொடுத்த வேலை ரசீது எழுதுவது. அப்போது அவர் கேபிள் டி.வி. நடத்திக்கொண்டிருந்தார். ஒரு மேட்ச் நாளில் தெரு முழுக்க டி.வி. இருண்டுபோனது, லைன்மேனைக் காணோம். ஜெப்சி ரசீதுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினாள்.

"ஏலே, பொம்பளப் பிள்ள கம்பத்துல ஏறுதுடா!" என்று கீழே கூட்டம் சேர்ந்தது.

"வேடிக்க பாக்குறதுக்குப் பதிலா ஏணியப் பிடிங்க மாமா. நான் விழுந்தா உங்க மேலதான் விழுவேன்."

பிடித்தார்கள். படம் வந்தது. அன்றைக்கு ஏறியவள்தான். கேபிள் போய்க் கண்ணாடி இழை வந்தது. வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டி வந்தது. அவளும் கூடவே வந்தாள். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லோர் வீட்டிலும் இன்றைக்கு அவள் மாட்டிய பெட்டி மினுங்கிக்கொண்டிருக்கிறது. மன்னிப்புக் கேட்டவர் என்று ஒருவரும் இல்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஐந்து வருடம் முன்பு ஜோதிமேரி வீட்டுக்குப் பெட்டி மாட்டப் போனதும் அப்படி ஒரு சாதாரண நாள்தான். ஜோதிமேரி கருவாடு விற்கிறவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகள் ஹெலன் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பெட்டியை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்றார் ஜோதிமேரி. வைத்தவுடனே அதன் ஆண்டெனாவில் ஒரு ஜெபமாலையையும் தொங்கவிட்டார்.

"பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்க்கா?"

"அது என்னத்தா?"

"பூட்டுக்குச் சாவி மாதிரி. உங்களுக்கு மறக்கவே மறக்காத ஒண்ணச் சொல்லுங்க."

ஜோதிமேரி யோசிக்கவே இல்லை. கணவரின் வள்ளத்து நம்பரைச் சொன்னார்.

அந்தத் தெருவில் வேறு எதைச் சொல்லியிருப்பார்கள்? பிள்ளையின் பிறந்தநாள் மறந்துபோகும், கல்யாண நாள் மறந்துபோகும், படகு நம்பர் மறக்காது. கடலுக்குப் போக டோக்கன் வாங்க அந்த நம்பர். டீசல் பிடிக்க அந்த நம்பர். போன படகு திரும்பவில்லை என்றால் கரை முழுக்க ஆணும் பெண்ணும் போனில் கேட்பது அந்த நம்பரைத்தான். ஜெப்சி பெட்டி மாட்டிய வீடுகளில் பத்துக்கு எட்டு இப்படித்தான் சொல்லின. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருந்ததால் பெட்டியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நல்ல பாஸ்வேர்டு என்றே ஜெப்சியும் நினைத்தாள்.

சென்ற ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, சப்-இன்ஸ்பெக்டர் கலைச்செல்வி சூசையப்பர் தெருவுக்கு ஜீப்பில் வந்து ஜோதிமேரி வீட்டு வாசலில் இறங்கினார். ராமேஸ்வரத்தில் இல்லாத ஒரு லாட்ஜின் பெயரில் யாரோ இணையத்தில் பக்கம் திறந்து, வடக்கேயிருந்து வரும் யாத்ரீகர்களிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றியிருந்தார்கள். வயதான தம்பதி ஒன்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்கி, அறை எங்கே என்று தெருத்தெருவாக அலைந்து, கடைசியில் புகார் கொடுத்திருந்தது. அந்தப் பக்கத்தை இயக்கிய இணைப்பைத் தேடிப்போனால் அது வந்து நின்ற இடம் ஜோதிமேரி வீட்டுப் பெட்டி.

"வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க யாரு?" என்று கேட்டார் கலைச்செல்வி.

ஹெலன் முன்னால் வந்தாள். ராமநாதபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருடமாக நர்ஸ். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது; மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதற்கான போலீஸ் விசாரணை இன்னும் முடியவில்லை. கலைச்செல்வி அவளுடைய லேப்டாப்பை எழுதி வாங்கிக்கொண்டார்.

"இது விசாரணைதான்மா, பயப்படாதீங்க. திங்கட்கிழமை ஆள் வந்து இந்தப் பெட்டியையும் எடுத்துக்குவாங்க. ஆனா இது தெளியிற வரைக்கும் உங்க பாஸ்போர்ட் நகராது."

ஜீப் போய்த் தூசி அடங்குவதற்குள் தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. படித்த பெண், லேப்டாப் வைத்திருக்கிறாள், வீட்டில் ஆண் துணை இல்லை, வெளிநாடு போகிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஊர்க் கமிட்டிச் செயலாளர் டேவிட்ராஜுக்கு இரண்டு விசைப்படகு, மாடி வீடு. அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தால் தெருவே சரி என்று சொல்லும். போலீசுக்குக் கமிட்டியே ஒரு கடிதம் எழுதிவிடலாம் என்றார் அவர்: இந்தக் குடும்பத்தின் காரியத்துக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பெண் எப்போதும் கம்ப்யூட்டரும் கையுமாகத்தான் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டம், கையெழுத்து. ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவைக்க இவர்களுக்கு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும். அவள் செய்ததற்கு ஆதாரம் எங்கே என்று ஒரு வாய் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை ஜெப்சி பக்கத்து ஊர் அக்காள்மடத்தில் ஒரு கம்பத்தின் மேல் இருந்தபோது போன் அடித்தது.

"ஜெப்சி, இந்தச் சனியன் பிடிச்ச பெட்டியப் பிடுங்கிட்டேன். கடல்ல கொண்டுபோய்ப் போடப் போறேன். இது இருந்தாத்தான எம்பிள்ள மேல கேஸு?"

"அக்கா, அக்கா! அங்கனயே வைங்க. அதத் தொடாதீங்க. அதுதான் உங்க சாட்சி. இந்தா வாரேன்!"

ஏணியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். போனபோது ஜோதிமேரி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை இன்னும் அதில் தொங்கியது.

"மாதா பாத்துக்கிடுவான்னுதான போட்டேன் ஜெப்சி?"

"மாதாவ நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா இதுக்குள்ள யாரு வந்தா, எப்ப வந்தாங்கிறத இந்தப் பெட்டிதான் குறிச்சு வச்சிருக்கும். கேக்குறவங்க அதக் கேக்கணும், அவ்வளவுதான்."

பெட்டியைத் திரும்ப மாட்டினாள். மின்சாரம் போனாலும் உள்ளே வந்தவர்கள் பட்டியலை மறக்காத ரகம் அது. போனில் பெட்டியின் உள்பக்கத்தைத் திறக்க அதற்கென்று தனியாக ஒரு சாவிச்சொல் வேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் அச்சடித்திருந்த அதே சொல்லைப் போட்டாள். திறந்துகொண்டது. பெட்டி மாட்டிய அன்றே அவள் மாற்றியிருக்க வேண்டியது அது. ஐந்து வருடமாக மாற்றவில்லை.

பட்டியலில் நான்கு கருவிகள். ஜோதிமேரியின் போன், ஹெலனின் போன், ஹெலனின் லேப்டாப். நான்காவதும் லேப்டாப்தான், அதன் பெயர் வெறும் எழுத்தும் எண்ணுமாக இருந்தது. ஜூன் இருபதாம் தேதி முதன்முதலாக உள்ளே வந்திருக்கிறது. கடைசியாக ஆகஸ்ட் ஒன்பது.

"ஹெலன், அந்தப் பெரியவங்க என்னைக்குப் பணம் கட்டுனாங்களாம்?"

"இந்த மாசம் மூணாந்தேதி பகல்ல. அன்னைக்கு எனக்கு டே டூட்டிக்கா. லேப்டாப்பும் எங்கூட ராம்நாட்லதான் இருந்துச்சு. வார்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு."

மூன்றாம் தேதி பகலில் ஹெலனின் போனும் லேப்டாப்பும் பெட்டியோடு இணைந்திருக்கவில்லை. நான்காவது கருவி மட்டும் காலை ஒன்பது மணியிலிருந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தது. ஜெப்சி எதையும் மாற்றவில்லை, அழிக்கவில்லை. இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படம் பிடித்தாள். படகின் பலகையில் பெயிண்ட் அடித்த நம்பரை மாற்றினாலும் இன்ஜினில் செதுக்கிய நம்பர் அப்படியே இருக்கிற மாதிரி, ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு நம்பர் உண்டு. நான்காவதின் நம்பரும் அங்கே இருந்தது.

அந்த நான்காவது லேப்டாப்காரன் உள்ளே வந்தது எப்படி? ஜெப்சி வாசலுக்கு வந்து நின்றாள். எதிரே மணலில் கவிழ்ந்து கிடந்தது ஹெலனின் அப்பா ஓட்டிய வள்ளம். ஜோதிமேரி அதை விற்கவில்லை. அதன் பக்கவாட்டில் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளைப் பெயிண்டில் நம்பர். சட்டப்படி தூரத்திலிருந்தே தெரியும்படி எழுத வேண்டும். அதற்கு நேர் மேலே டேவிட்ராஜ் வீட்டு மாடி ஜன்னல். ஜூனில் அந்த மாடிக்கு ஒரு வெளியூர்க்காரன் குடிவந்தான். ஆகஸ்ட் பத்தாம் தேதி காலி செய்துவிட்டுப் போனான்.

வீட்டுக்காரர் தன் வைஃபையை அவனுக்குக் கொடுத்தபோது என்ன சொல்லியிருப்பார் என்று ஜெப்சி ஊகிக்கத் தேவையே இல்லை. "என் போட் நம்பர்தான் தம்பி." ஒரு வீட்டு வழக்கம் தெரிந்தவனுக்குத் தெருவே தெரிந்த மாதிரி. வீட்டுக்காரர் வைஃபையில் திருடினால் தன்னைத்தான் முதலில் தேடுவார்கள் என்று எதிர்வீட்டுக் கைம்பெண்ணின் வைஃபையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்.

முதலாளி வசந்தகுமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் நல்லவர்தான், ஆனால் வியாபாரி. "நாம வச்ச செட்டிங்னு மட்டும் வாயத் திறந்துராத ஜெப்சி. கஸ்டமர் சொன்ன பாஸ்வேர்டு. கஸ்டமர் பொறுப்பு. முடிஞ்சுபோச்சு."

அது ஒன்றும் பொய்யில்லை. ஜோதிமேரிதான் சொன்னார். ஆனால் கேட்ட விதம் யாருடையது? பூட்டு என்றால் என்ன என்று தெரியாதவரிடம், மறக்காத ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டது யார்? ஊருக்கே தெரிந்த ஒன்றைச் சொல்லாதீர்கள் என்று சொல்லாமல் விட்டது யார்? அன்றிரவு ஜெப்சி நன்றாகவே தூங்கினாள். எப்படிப் பேசுவது என்று முடிவு செய்தவர்களுக்குத் தூக்கம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை, கமிட்டிக் கூடத்தில் எழுபது எண்பது பேர். கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. ஜோதிமேரியும் ஹெலனும் கதவோரம் நின்றார்கள். உட்கார யாரும் சொல்லவில்லை. ஜெப்சி போய் ஹெலனுக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தாள்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த வீட்டு வைஃபைக்குப் பாஸ்வேர்டு போட்டது நான். போட் நம்பர். அது தப்பு. அந்தப் பெட்டியோட உள்சாவிய மாத்தாம விட்டது அதவிடத் தப்பு. அந்தப் பாதையில வேற ஒருத்தன் உள்ள வந்திருக்கான். தேதி, நேரம் எல்லாம் எங்கிட்ட இருக்கு."

"இதெல்லாம் கத" என்றார் டேவிட்ராஜ். "பாஸ்வேர்டு போட்டிருந்தா எப்படித்தா வெளியாளு வருவான்? மந்திரமா?"

"மந்திரம் இல்லண்ணே, பெயிண்ட்டு. உங்க வீட்டு வைஃபைய நான் இங்கன இருந்தே திறந்து காட்டவா? நீங்க சரின்னா மட்டும்."

கூடம் சிரித்தது. டேவிட்ராஜ் மீசையைத் தடவிக்கொண்டார். "என் வீட்டுப் பெட்டிய நீ மாட்டல. மதுரையிலருந்து ஆளு வந்து மாட்டுனது. முடிஞ்சாத் திற."

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க, அண்ணனே சொல்லிட்டாக."

ஜெப்சி ஜன்னலோரம் போனாள். கடலில் நங்கூரம் போட்டு நின்ற படகுகளில் டேவிட்ராஜின் பெரிய படகைக் கண்டுபிடித்து, கண்ணைச் சுருக்கி நம்பரைப் பார்த்துப் போனில் தட்டினாள். கூடத்துக்கு அடுத்த வீடுதான் அவர் வீடு. அரை நிமிடம் ஆகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சீரியல் சத்தம் பட்டென்று நின்று, மத்தி மீன் குழம்பு வைப்பது எப்படி என்று ஒரு பெண் குரல் கணீரென்று ஆரம்பித்தது.

டேவிட்ராஜின் மனைவி கையில் ரிமோட்டோடு வாசலுக்கு ஓடிவந்தார். "ஏங்க, டி.வி. தன்னால மீன் குழம்பு வைக்குதுங்க! எனக்கு மீன் குழம்பு வைக்கத் தெரியாதுன்னு எவன் போட்டுவிட்டான்?"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. ஜெப்சி போனைத் தூக்கி, அவர் வீட்டு வைஃபை வழியாக டி.வி.க்கு அனுப்பிய வீடியோவைக் காட்டிவிட்டு நிறுத்தினாள்.

"அண்ணே, இப்ப இந்தப் போன வச்சு நான் ஒரு களவு பண்ணியிருந்தா, போலீசு உங்க வீட்டுக்குத்தான் வரும். அப்ப நாங்க எல்லாரும் உங்க மேல லெட்டர் எழுதட்டுமா?"

சிரிப்பு நின்றது. இந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் மேல் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள். அதைத்தான் ஜெப்சி சொல்லவந்தாள். சொல்லாமலே போய்ச் சேர்ந்தது.

பின்வரிசையிலிருந்து வேதமுத்து எழுந்தார். "ஏலே டேவிட்டு, உன் மாடியில இருந்தவனுக்கு வைஃபை குடுத்தியா?"

"குடுத்தேன்."

"பாஸ்வேர்டு என்னன்னு சொல்லிக் குடுத்த?"

டேவிட்ராஜ் மேஜைமேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தன் படகைப் பார்த்தார். "போட் நம்பர்னுதான் சொன்னேன்" என்றார். கடிதத்தை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது பைக்குள்ள இருக்கட்டும்ணே. வேற லெட்டர் வேணும். மாடியில யாரு இருந்தான், எந்தத் தேதி வந்தான், எந்தத் தேதி போனான். அத எழுதுங்க."

எழுதினார். இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினார். அவனிடம் வாங்கிவைத்திருந்த ஆதார் நகலையும் சேர்த்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு ஹெலனிடம் போய், "ஏத்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கத் தெரியவில்லை. ஹெலனும் உதவவில்லை. அவ்வளவு சீக்கிரம் உதவ வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

திங்கட்கிழமை பெட்டியை எடுக்கக் கலைச்செல்வியே வந்தார். ஜெப்சி படங்களையும் தன் கையால் எழுதிய இரண்டு பக்க வாக்குமூலத்தையும் கொடுத்தாள். தன் தவறுகள் இரண்டும் முதல் பக்கத்திலேயே இருந்தன. கலைச்செல்வி நின்றுகொண்டே முழுவதையும் படித்தார்.

"பெட்டியைத் துடைச்சு வைக்காம விட்டீங்களே, அதுவே பெரிசு. பாதி வீட்டுல நாங்க போறதுக்குள்ள ரீசெட் பண்ணிடுறாங்க."

"கடலுக்குப் போகப் பாத்துச்சு மேடம். பாதி வழியில மறிச்சேன்."

அடுத்த வாரம் வேறொரு கோயில் ஊரில், வேறொரு வாடகை மாடியில் அவன் பிடிபட்டான். அவனுடைய லேப்டாப்பின் உள்நம்பரும் பெட்டி எழுதிவைத்திருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. ஹெலனின் லேப்டாப் திரும்பி வந்தது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி தபால்காரர் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தபோது ஜோதிமேரி கருவாட்டுக் கையோடு வாங்கினார். கடைசிவரை அதன் அட்டையில் அந்த வாசனை போகவில்லை.

வசந்தகுமார் ஜெப்சியோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பாஸ்வேர்டு மாற்றித் தரும்படி நாற்பது வீட்டிலிருந்து போன் வந்ததும் பேசினார். ஜெப்சி ஒரு வாரம் கம்பம் ஏறவில்லை, வீடுவீடாக உட்கார்ந்தாள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு வார்த்தைகளை வீட்டுக்காரர்களையே யோசிக்கவைத்தாள். அடியில் அச்சடித்த உள்சாவியை மாற்றினாள். ஒரு பொத்தானை அமுக்கினால் பாஸ்வேர்டே இல்லாமல் ஆளை உள்ளே விடுகிற வசதியை அணைத்தாள். பெட்டிக்குள் பழசாகிக் கிடந்த மென்பொருளைப் புதுப்பித்தாள். வந்துபோகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு விருந்தாளி வைஃபை வைத்தாள், திண்டாட்டமே அவர்களால்தானே. கோயில் பக்கம் இலவச வைஃபை என்று எந்தப் பெயரைக் கண்டாலும் அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள் என்று ஆட்டோக்காரர்களிடமும் சொன்னாள்.

எல்லாம் ஒரே நாளில் திருந்தவில்லை. வேதமுத்து தன் நான்கு வார்த்தையை மூன்றாம் நாளே மறந்தார். "ஏத்தா ஜெப்சி, மறக்காம இருக்க இத நம்ம வள்ளத்துல பெயிண்ட்ல எழுதிப்போட்டா என்ன?" என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார். ஜெப்சி பெயிண்ட் டப்பாவை எடுத்து ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஹெலன் மஸ்கட் போய் ஒரு மாதம் ஆன பிறகு, ஒரு நாள் மத்தியானம் ஜோதிமேரி ஜெப்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார். நகரை மீன் குழம்பு, பொரித்த நெத்திலி. ஜெபமாலை மாதாவின் பக்கத்து ஆணிக்குப் போயிருந்தது. போலீஸ் எடுத்துப்போன பெட்டிக்குப் பதிலாக ஜெப்சி மாட்டிக்கொடுத்த புதுப் பெட்டி தனியாக மினுங்கியது. அந்த நேரத்தில் பங்குச்சாமியார் வீடு சந்திக்க வந்தார். அவசரமாக ஆயர் இல்லத்துக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும், போனில் டேட்டா தீர்ந்துவிட்டது.

"பாஸ்வேர்டு சொல்லும்மா."

ஜோதிமேரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "போனத் தாங்க சாமி, நானே அடிச்சுத் தாரேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க."

"நான் சாமியார்ம்மா."

"தெரியும் சாமி. அதான் உங்களுக்கு விருந்தாளி வைஃபை. வீட்டு வைஃபை எனக்கும் எம்மகளுக்கும் மட்டும்தான்."

சாமியார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஜெப்சியும் தானாகவே திரும்பிக்கொண்டாள். விரல் போனில் மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல்.